முத்துப் பாரும் வாக்குச் சீட்டும்: தொடர்முறைத் தேர்வு பற்றிய ஒரு விளக்கம்

தாமிரபரணி கடலொடு கலக்கும் கழிமுகத்தே அமைந்த ஊர் புன்னக்காயல். கொற்கையும் பழையகாயலும் இதற்கு அண்மையில் உள்ளன. பரதவர் வாழும் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாக இஃது எண்ணப்பெறும். தமிழ் அச்சு வரலாறு கற்போர், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலை அச்சிட்ட அன்றீக்கே அடிகளாரின் பெயரோடு இவ்வூரை இணைத்து நினைவர். ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் அச்சு அன்று. இக்கரையினர் தலைமுறை தலைமுறையாகக் கண்டுவந்த முத்துச் சலாபத்துள் ஓர் ஆராய்ச்சி முறை அடங்கிக் கிடந்தது. அதன் உள்ளியல்பு இருபதாம் நூற்றாண்டிற் கணக்கு வடிவம் பெற்று, இன்று தேர்தல் முடிவுகளைச் சரிபார்க்கும் கருவியாகவும் வளர்ந்துள்ளது. தமிழாராய்ச்சி செய்வார்க்கும் அதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு என்று கருதுகின்றோம்.

சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல். கடலடியிற் சிப்பி செறிந்து கிடக்கும் நிலம் பார் எனப்படும். சிப்பி முற்றினாலன்றி அதனுள் விலைபோகும் முத்து இராது; முற்றிய பின்னரோ அது நெடுநாள் வாழ்வதில்லை. ஓராண்டு முந்தினால் முத்து தூளாக இருக்கும். ஓராண்டு பிந்தினால் பாரில் வெற்றோடே எஞ்சும். கரைக்கு மேலிருந்து பார்ப்பவர்க்கு இவ்விரண்டும் தெரியா. எனவே சலாபம் திறப்பதா, வேண்டாவா என்று முடிவு செய்யுமுன், குளியாட்களை இறக்கிப் பாரின் பல பகுதிகளிலிருந்தும் ஓரளவு சிப்பியை எடுப்பித்தனர். அவற்றை எண்ணி, அழுகவைத்துக் கழுவி, முத்தைப் பிரித்துச் சல்லடையிலிட்டுத் தரம் வகுத்தனர். பின்பு வணிகரைக்கொண்டு ஆயிரம் சிப்பிக்கு இத்தனை உரூபாய் என்று மதிப்பிட்டனர். மன்னார்க் கடலின் இருகரையிலும் இவ்வழக்கம் உண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் சென்னை அரசின் மீன்வளத் துறைக்காக எழுதி 1922-இல் வெளிவந்த நூலில் இக்கடலின் சலாபங்களைப் பற்றிய செய்திகள் விரிவாக உள்ளன.

இவ்வழக்கத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது, மாதிரி பார்த்தவர் முன் இருந்த விடைகள் இரண்டல்ல, மூன்று என்பதே. சலாபம் திறக்கலாம் என்பது ஒன்று. இப்பார் பயனற்றது, கைவிடுக என்பது மற்றொன்று. இப்பொழுது சொல்லவியலாது, அடுத்த பருவத்தில் மீண்டும் எடுத்துப் பார்க்க என்பது மூன்றாவது. அறிவுடைமை இம்மூன்றாவது விடையிலேதான் இருந்தது எனலாம். தெரியவில்லை என்பதை ஒரு விடையாக ஏற்று, அதற்குரிய செயலையும் முன்னரே வகுத்து வைத்த முறை இது.

இதற்கு மாறானதொரு செயலின் விளைவையும் இதே கடலிற் காண்கின்றோம். 1906-இல் இலங்கை அரசு தன்பக்கத்துப் பார்களை ஒரு நிறுவனத்திற்கு 20 ஆண்டுக் குத்தகையாக விட்டது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் சலாபங்கள் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. அவ்வளவை நம்பி எண்ணை முன்கூட்டியே நிலைநிறுத்தினர். 1907-க்குப் பின் பல ஆண்டுகள் அங்குச் சலாபமே நிகழவில்லை, நிறுவனமும் கலைந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த வரிசையே இறுதி. அதன்பின் சலாபம் திறக்கப்பெறவில்லை.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு தொகுதியைப் பற்றி அறிய, அதன் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்தல் புள்ளியியலிற் பழைய முறை. நூறு எடுப்பதா, ஆயிரம் எடுப்பதா என்று முதலிலேயே வரையறுத்து, அத்தனையும் எடுத்து முடித்த பின்னரே முடிவு கூறுவர். இதனை நிலையெண் முறை எனலாம். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் ‘போதுமா, இன்னும் வேண்டுமா?’ என்று வினவிச் செல்வது தொடர்முறை. தொடர் என்னும் அடை, முடிவின்றி நீள்வதென்ற மயக்கத்தைத் தரக்கூடும். உண்மையில் இம்முறையின் உயிர் தொடர்தலில் இல்லை, நிறுத்துதலில் உள்ளது. ‘நின்று தேர்தல்’ என்றே பெயரிடலாம் என ஒருகாற் கருதினோம். வழக்கிற்கு எளிதாதல் நோக்கித் தொடர்முறைத் தேர்வு என்றே ஆளுகின்றோம்.

இதற்குக் கணக்கு வடிவம் தந்தவர் ஆபிரகாம் வால்டு. 1902-இல் அன்றைய அங்கேரி நாட்டிற் பிறந்தவர். வியன்னாவிற் பணியாற்றி, நாத்சியர் ஆட்சி பரவியபொழுது 1938-இல் அமெரிக்கா சென்றவர். 1943-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் போர்ப்பணிக்கென அமைந்த புள்ளியியற் குழுவில் ஒரு வினா எழுந்தது. படைக்கலங்களைச் சோதிக்கும்பொழுது, வரையறுத்த எண்ணில் ஒரு பகுதி முடிந்ததுமே முடிவு இன்னது என்று அனுபவமுடைய அலுவலர்க்குத் தெரிந்துவிடுகின்றது; அதன்பின்னும் எஞ்சியவற்றை ஏன் வெடித்து வீணாக்குதல் வேண்டும் என்பதே அவ்வினா. ஆலன் வாலிசும் மில்டன் பிரீட்மனும் அதனை ஆராய்ந்து வால்டிடம் கொண்டுசென்றனர். அவர் வகுத்த விடை போர்க்கால மறைபொருளாகச் சிலகாலம் இருந்து 1945-இல் வெளிவந்தது, 1947-இல் நூலாயிற்று. நிலையெண் முறைக்கு வேண்டும் சோதனைகளுட் சராசரியாக ஏறத்தாழப் பாதியே இதற்குப் போதும்.

வால்டு தமக்கு முன்னோடியாகக் குறித்தவற்றுள் ஒன்று நம் நாட்டினது. வங்காளத்திற் சணல் விளையும் பரப்பை அளக்க மகாலனோபிசு நடத்திய மாதிரி ஆய்வே அது. முதலிற் சிறிய ஆய்வு, அதன் பயன்கொண்டு அடுத்ததன் அளவு என்று படிப்படியாகச் சென்றது அவ்வாய்வு. இத்தொடர்பு பின்னர் வால்டை இந்தியாவிற்கே கொண்டுவந்தது. சொற்பொழிவுகள் ஆற்ற வந்த அவர், 1950 திசம்பர் 13-ஆம் நாள், தம் மனைவியாரோடு சென்ற வானூர்தி நீலகிரி மலையில் மோதி இறந்தார். இருபதாம் நூற்றாண்டின் புள்ளியியற் பேரறிஞருள் ஒருவர் முடிவெய்திய இடம் தமிழ்நாட்டு மலை என்பதை நம் மாணவருட் பலர் அறியார்.

முறையின் உட்பொருளை விளக்க ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு தொகுதியில் இருவர் போட்டியிட்டனர் என்க. முதல்வர் நூற்றுக்கு 60 பெற்று வென்றார் என்று அறிவிக்கப்பட்டது. இதனை ஐயுறுவார் ஒருவர், வாக்குச் சீட்டுகளை நன்றாகக் கலந்து ஒவ்வொன்றாக எடுக்கின்றார். அவர் கையில் 1 உரூபாய் உள்ளதாகக் கொள்வோம். எடுத்த சீட்டு வென்றவர்க்கு உரியதாயின் கையிருப்பை 1.2-ஆற் பெருக்குக; தோற்றவர்க்கு உரியதாயின் 0.8-ஆற் பெருக்குக. இவ்வெண்கள், அறிவிக்கப்பட்ட 60, 40 ஆகியவற்றைச் சரிபாதியாகிய 50-ஆல் வகுத்துப் பெற்றவை. கையிருப்பு 20 உரூபாயை எட்டியவுடன், ‘அறிவிப்புச் சரி’ என்று கூறி நிறுத்துக. எட்டாவிடின் எடுத்துக்கொண்டே செல்க. எல்லாச் சீட்டும் தீரின் அதுவே முழு எண்ணிக்கை.

இதில் ஏமாற்றம் நேருமா? உண்மையில் இருவரும் சரிபாதி பெற்றிருந்தும் அறிவிப்புத் தவறானது என்று கொள்வோம். அப்பொழுது 1.2-உம் 0.8-உம் ஒத்த வாய்ப்புடன் வரும்; அவற்றின் சராசரி 1. எனவே இது யார்க்கும் ஊதியமோ இழப்போ இல்லாத நேரிய ஆட்டம். நேரிய ஆட்டத்தில் 1 உரூபாய் கொண்டு அமர்ந்தவன் என்றேனும் 20 உரூபாயை எட்டும் வாய்ப்பு 20-இல் 1-ஐ விஞ்சாது. விஞ்சுமாயின் அவ்வாட்டம் நேரியதன்று, அவன்பாற் சாய்ந்தது என்றாகிவிடும். தோற்றவரே மிகுதி பெற்றிருப்பின் அவ்வாய்ப்பு இன்னும் குறையும். பிரெஞ்சுக் கணித அறிஞர் வீல் என்பார் 1939-இல் நிறுவிய இவ்வுண்மை ஒன்றே இம்முறையைத் தாங்கும் தூண். எப்பொழுது வேண்டுமாயினும் நிறுத்தலாம், எத்தனை முறை வேண்டுமாயினும் எட்டிப்பார்க்கலாம்; தவறும் வாய்ப்பு 100-க்கு 5 என்ற எல்லைக்குள்ளேயே நிற்கும்.

எத்தனை சீட்டுகள் வேண்டும்? தொடர்ந்து வென்றவர் சீட்டே வரின் 17-ஆம் சீட்டில் நிறுத்தலாம், அஃது அரிது. அறிவிப்பு உண்மையாயின் சராசரியாக ஏறத்தாழ 150 வேண்டும். வென்றவர் 70 பெற்றிருந்து, அதற்குரிய பெருக்கெண்களைக் கொள்ளின் 40 அளவிலேயே முடியும். 52 பெற்றிருப்பின் ஏறத்தாழ 3,700 வேண்டும். தொகுதியின் வாக்காளர் இலட்சமோ பத்திலட்சமோ என்பதைக் காட்டிலும், வெற்றியின் இடைவெளி எத்துணை என்பதே உழைப்பை வரையறுக்கின்றது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வியப்பளிக்கும்.

நிலையெண் முறைக்குரிய அளவுகோலை வைத்துக்கொண்டு, இடையிடையே எட்டிப்பார்த்து, பிடித்த முடிவு வந்தவுடன் நிறுத்துவது வேறு செயல், அது குற்றமுடையது. 100-க்கு 5 தவறு என்ற அளவுகோலைக் கொண்டு ஒரே ஆய்வில் ஐந்து முறை எட்டிப்பார்த்தால் தவறு 14 ஆகும். பத்து முறை பார்த்தால் 19 ஆகும். ஆர்மிட்டேசு முதலானோர் 1969-இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினர். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒன்றையே செய்கின்றனர். இருவரும் பார்க்கின்றனர், இருவரும் நிறுத்துகின்றனர். ஒருவர் நிறுத்தும் விதியை முதற்சீட்டு எடுக்குமுன் எழுதி வைத்தார். மற்றவர் மனம் நிறைந்தவுடன் நிறுத்தினார்.

கணிப்பொறித் துறைக்கும் இம்முறைக்கும் உள்ள உறவு தொடக்க காலத்தது. வால்டு அமெரிக்காவில் ஆராய்ந்த காலத்திற்குச் சற்று முன்னரே, இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கு என்னுமிடத்தில் ஆலன் டூரிங், செருமானியக் கடற்படையின் மறைமொழியை அவிழ்க்க இதனையொத்த வழியொன்றை வகுத்தார். இரு செய்திகளை மேலுங்கீழும் வைத்து ஒப்பிட்டு, ஒவ்வோர் ஒற்றுமையும் கருதுகோளுக்கு எத்துணை வலுவூட்டுகின்றது என்பதை எண்ணாகக் குறித்துக் கூட்டிச் சென்றனர். தொகை எல்லையைத் தாண்டியதும் நிறுத்தினர். ஒப்பிடுதற்குரிய தாள்கள் பான்பரி என்னும் ஊரில் அச்சிடப்பெற்றமையால், சான்றின் அளவைக்குப் ‘பான்’ என்றே பெயரிட்டனர். அதன் பத்தில் ஒரு பங்கு, மனித உள்ளம் உணரக்கூடிய மிகச்சிறிய வலுவேறுபாடு என்பர். சான்றுக்கு எடையுண்டு, அதனை நிறுக்கலாம் என்னும் இக்கருத்து உரையாசிரியர் நூல்களிற் பழகிய நமக்கு அயலானதன்று. நாம் நிறுக்க மறந்தோம் என்பதே குறை.

தேர்தலிற் சரிபார்ப்புக்காக இம்முறையை ஆண்டது அண்மைக்காலச் செய்தி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் 2008-இல் இதற்கு அடிகோலினார். மேலே யாம் காட்டிய பெருக்கற் கணக்கு, 2012-இல் அவரும் லிண்டுமன், யேட்சு ஆகியோரும் வெளியிட்ட முறையின் எளிய வடிவமே. 2017-இல் கொலராடோ மாநிலம் முழுவதும் இத்தகைய சரிபார்ப்பு முதன்முறையாக நடைபெற்றது.

நம் நாட்டில் ஒப்புகைச் சீட்டுப் பொறி 2013-இல் நாகாலாந்தின் நொக்சென் இடைத்தேர்தலில் முதலிற் பயன்பட்டு, 2019 பொதுத்தேர்தலில் நாடெங்கும் பரவியது. எத்தனை சாவடிகளின் சீட்டுகளை எண்ணிப் பொறிக்கணக்கொடு ஒப்பிடுவது என்பதே வழக்காயிற்று. சட்டமன்றத் தொகுதிக்கு 1 என்றிருந்ததை 5 என உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8-இல் உயர்த்தியது. எல்லாச் சீட்டையும் எண்ணுக என்ற வேண்டுகோளை 2024 ஏப்ரல் 26-இல் மறுத்தது. புன்னக்காயலை உள்ளடக்கிய தூத்துக்குடி நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றப் பகுதிகள் உள்ளன. ஆகவே 30 சாவடிகள் எண்ணப்படும். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் ராஜீவ கரந்திகரும் இடம்பெற்ற அறிஞர் குழுவொன்று, நாடு முழுமைக்கும் 479 பொறிகளைச் சரிபார்த்தல் போதும் என்று முன்னர் அறிக்கை தந்திருந்தது.

அக்கணக்கிற் பிழையில்லை. ஆயின் அது விடைகூறிய வினா, நாட்டின் பொறிகள் அனைத்தையும் ஒரு குவியலாகக் கொண்டு கேட்டது. வெற்றி தோல்வியோ தொகுதிதோறும் அறிவிக்கப்படுவது. ஒரு சட்டமன்றத் தொகுதியில் 300 சாவடிகள் உள்ளன, அவற்றுள் 6-இற் பிழை நேர்ந்துள்ளது என்று கொண்டு பார்ப்போம். 5 சாவடிகளைத் தேர்ந்தெடுப்பின், பிழையுள்ள ஒன்றுகூட அகப்படாத வாய்ப்பு 100-க்கு 90. வெற்றி இடைவெளி பெரிதாயின் ஆறு சாவடிப் பிழை முடிவை மாற்றாது. அந்நிலையில் ஐந்தே மிகையாகவும் இருக்கலாம். சில நூறு வாக்கில் வென்றவிடத்து அதே ஐந்து போதாது. பெரிய வெற்றிக்கும் சிறிய வெற்றிக்கும் ஒரே எண்ணை வைத்தல், முற்றிய பாருக்கும் முற்றாத பாருக்கும் ஒரே நாளில் சலாபம் குறிப்பதனை ஒக்கும். எல்லாவற்றையும் எண்ணுக என்பாரும் ஐந்து போதும் என்பாரும் எண்ணைப் பற்றியே வழக்காடினர். இடைவெளிக்கேற்ப நிறுத்தும் விதியொன்றைப் பற்றி நிகழ்ந்திருக்க வேண்டிய உரையாடல் போதிய அளவு நிகழவில்லை என்பது எம் கருத்து.

இவ்விடத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டுச் சிலர் நினைவிற்கு வரும். முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற அவை, குடும்புதோறும் ஓலை எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவனைக்கொண்டு எடுப்பித்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. தொடர்முறைத் தேர்வும் நம்மிடமே தோன்றியது என்று இதனைக் காட்டி எழுதுவார் உளராயின், அது பொருந்தாது. குடவோலை ஆளைத் தெரிவதற்கு. சான்றை நிறுத்துக் கருதுகோளை முடிவுசெய்வதற்கன்று. அதில் ‘இன்னும் வேண்டுமா’ என்ற வினாவுக்கு இடமில்லை. ஆனால், எடுப்பவன் விருப்பம் எடுக்கப்படும் பொருளைத் தீண்டாதபடி காத்தல் என்னும் பாதி அறிவு அதில் முழுமையாக உள்ளது. அப்பாதியின்றி மற்றப்பாதி நிற்கமாட்டாது.

அஃது ஏன் என்பதைத் தமிழ்நூல் கொண்டே காட்டலாம். அகநானூற்றின் 400 பாட்டுகளும் திணைமுறையாக வைக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 எனப் பத்தின் மடங்கில் வருவன நெய்தல். காலம் போதாத ஆய்வாளர் ஒருவர் பத்துக்கு ஒன்று படிப்போம் எனப் பத்தாம் பாட்டிலிருந்து தொடங்கின், அவர்க்கு அகநானூறு முழுவதும் நெய்தலாகவே காட்சியளிக்கும். இரண்டுக்கு ஒன்று என இரட்டைப்படையைப் படித்தவர், நூலின் சரிபாதியாகிய பாலையில் ஒன்றையும் காணார். ஐங்குறுநூற்றை முதலிலிருந்து படித்து நூறோடு நிறுத்தியவர், ஓரம்போகியாரின் மருதத்தை மட்டுமே அறிந்து ஐவர் நூலைப் பற்றி எழுதுபவர் ஆவர். தொகுத்தோர் கோத்த வரிசை அழகிய வரிசை. இறுதி நூறு பாட்டுக்கு நித்திலக்கோவை என்றே பெயர். கோத்த முத்து மாலைக்கு உதவும், மாதிரிக்கு உதவாது. பாரின் ஒரு மூலையிலேயே இறங்காது பல இடத்தும் இறங்கியெடுத்த குளியாட்கள் இதனை அறிந்திருந்தனர்.

எம் குறையையும் மறைக்கலாகாது. முனைவர் பட்ட ஆய்வின்பொழுது, நெய்தற் பாட்டுகளிற் குறிப்பிட்டதோர் உவமை அமைப்பு பாதிக்கு மேற்பட்டவற்றிற் பயில்கின்றது என்று நிறுவ முற்பட்டோம். பாட்டுக்கு ஓர் அட்டையாக எழுதி வைத்தோம். அட்டைகள் ஒருபுறம் நன்கு சாய்ந்த நாளன்று, ‘இத்துணைச் சான்று போதும்’ என்று நிறுத்திக்கொண்டோம். தேர்வாளர் எவரும் ‘ஏன் இங்கு நிறுத்தினீர்?’ என்று வினவவில்லை. அவ்வியல் ஆய்வேட்டில் இன்றும் உள்ளது; அதனை மேற்கோளாகக் காட்டிய பிற ஏடுகளும் உள்ளன.

சென்ற ஆண்டு எம்மிடம் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் அதே பொருளை மீண்டும் எடுத்தார். தொகைநூல்களின் நெய்தற் பாட்டுகள் அனைத்திற்கும் எண்ணிட்டு, சீட்டெழுதி, ஒரு குடத்திலேயே இட்டோம். அமைப்பு உண்டாயின் 1.2, இன்றேல் 0.8, எல்லை 20 என்று முதற்சீட்டு எடுக்குமுன் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். மூன்று நாள் எடுத்தும் பெருக்குத்தொகை 1-க்கும் 2-க்கும் இடையிலேயே ஊசலாடியது; ஒருமுறை 4-ஐத் தொட்டுத் தாழ்ந்தது. அன்று எம் பழைய அட்டைகளின் நினைவு வந்தது; அங்கே நிறுத்தியிருப்போம். மாணவர் இப்பொழுது எஞ்சிய பாட்டுகளையும் ஒன்றுவிடாது படித்துக்கொண்டிருக்கின்றார்.